சுவரில் எழுதிய அமில வரிசை

பிப்ரவரி 3

அக்கா,

போன் எண்ணை மாற்றிவிட்டேன். புது எண்ணைத் தரப்போவதில்லை. போனில் நீ கத்துவாய். காகிதத்தில் கத்த முடியாது, அதனால்தான் தபால். உறையின் பின்பக்கம் இருப்பது நான் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியின் முகவரி. அதை வைத்துக்கொண்டு இங்கே வந்து நிற்காதே.

நன்றாக இருக்கிறேன். வேலை கிடைத்திருக்கிறது. என்ன வேலை என்று இப்போது சொல்ல மனமில்லை.

ஒரே ஒரு கேள்வி. ஃபார்மிக் அமிலம், அசிட்டிக் அமிலம், ஃபீனால், ஸ்பிரிட். இந்த நாலில் எது வலிமையான அமிலம், எது குறைந்தது? வரிசையாக வேண்டும். ஏன் அப்படி என்றும் எழுது. என் புத்தகங்கள் எல்லாம் உன் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. நான் பாதிதான் படித்தவள் என்று நீயே எல்லோர் முன்னாலும் சொன்னாயே, மீதிப் பாதிக்காகத்தான் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

காரணம் கேட்காதே. அப்பாவுக்கு இருமல் நின்றதா?

பூனை


பிப்ரவரி 7

அடி பூனை,

நான் கத்துவேனா? சரி, கத்துவேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எனக்கு 'குக்கர் டீச்சர்' என்று பேர் வைத்தது உனக்குத் தெரியும், அதைச் சொல்லிச் சொல்லி நீ சிரித்ததும் எனக்குத் தெரியும். அதற்காக எண்ணையே மாற்றுவதா? அப்பா தினமும் உன் பழைய எண்ணுக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் அணைச்சுதான் வெச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். அவர் இருமல் நின்றுவிட்டது. புலம்பல்தான் நிற்கவில்லை.

அன்றைக்கு உறவுக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தபோது, "அவளுக்கு எதையுமே முழுசா முடிக்கத் தெரியாது, எல்லாத்தையும் பாதியில விட்டுட்டு வந்து நிப்பா" என்றேன். சொன்னேன்தான். எம்.எஸ்ஸி.யைப் பாதியில் விட்டது யார், எதிர்வீட்டுக்காரியா? பதிலுக்கு நீ ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் நான் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், அதோடு முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருப்போம். நீயோ வாயே திறக்காமல் பெட்டியைக் கட்டினாய். திட்டுகிறவளைச் சமாளிக்கலாம், பேசாமல் போகிறவளை என்னடி செய்வது?

கேள்விக்கு வருகிறேன். பொறு, அடுப்பில் ஏதோ தீய்கிறது.

வந்துவிட்டேன். ஃபார்மிக் முதலில். அடுத்து அசிட்டிக். ரொம்பத் தள்ளி ஃபீனால். கடைசியில் ஸ்பிரிட். தண்ணீரையும் சேர்த்தால் அது ஃபீனாலுக்கும் ஸ்பிரிட்டுக்கும் நடுவில் உட்காரும்.

ஏன் என்றால், ஹைட்ரஜன் பிரிந்து போகும்போது தன் எலக்ட்ரானை விட்டுவிட்டுப் போகிறது. மிச்சமிருப்பவன் தலையில் ஒரு சுமை. அந்தச் சுமையை எவனால் சுலபமாகத் தாங்க முடியுமோ அவன்தான் ஹைட்ரஜனைத் தாராளமாக அனுப்பிவைப்பான், அவன்தான் வலிமையான அமிலம். அசிட்டிக்கில் இரண்டு ஆக்சிஜன்கள் 'நீ பாதி நான் பாதி' என்று பங்கு போட்டுக்கொள்ளும். ஃபீனாலில் ஒரே ஆக்சிஜன்தான். பக்கத்து பென்சீன் வளையம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், ஆனால் அங்கிருக்கும் கார்பன்களுக்கு அதில் இஷ்டமில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் வாங்கும். ஸ்பிரிட்டில் அந்த உதவியும் கிடையாது. ஒற்றை ஆக்சிஜன் எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டும், அதனால் ஹைட்ரஜனை விடவே விடாது. ஃபார்மிக் எப்படி அசிட்டிக்கை மிஞ்சுகிறது? அசிட்டிக்கில் ஒரு மெத்தில் குழு ஒட்டிக்கொண்டு, ஏற்கெனவே சுமையோடு நிற்பவன் பக்கமே இன்னும் எலக்ட்ரானைத் தள்ளிவிடுகிறது. நம் பெரியம்மா சமையலுக்கு ஒத்தாசை செய்ய வருவாளே, அந்த மாதிரி.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்று. ஃபார்மிக்கும் அசிட்டிக்கும் புஸ்ஸென்று பொங்கும். ஃபீனால் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். நீயும் அப்படித்தான், யார் எதை ஊற்றினாலும் பொங்கமாட்டாய்.

காரணம் கேட்கக் கூடாது என்றாய். கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாக்கு வலிக்கிறது, சீக்கிரம் எழுது.

அக்கா


பிப்ரவரி 13

அக்கா,

நீ கேட்காமல் இருந்ததற்காகவே சொல்கிறேன்.

இது தரை துடைக்கும் திரவங்களும் தோல் பதனிடும் மருந்துகளும் தயாரிக்கிற கம்பெனி. நான் எடை அறையின் பொறுப்பாளர். டிரம்மிலிருந்து எடுத்து, தராசில் நிறுத்து, கலக்குகிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். என் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள். ஆமாம், என் கீழே. ஆனால் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இருபத்தாறாம் தேதி மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். அறை அவர்களுக்குப் பிடித்திருந்தால் வேலை எனக்கு. இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு உன் வாசலில் வந்து நிற்க வேண்டும், நீயும் 'நான் அன்னைக்கே சொல்லலையா' என்று சொல்லாமல் சொல்வாய். அதைவிட இந்தத் தராசைத் தலையில் போட்டுக்கொள்ளலாம்.

வந்த புதிதில் அறை சந்தைக்கடை மாதிரி இருந்தது. முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறை கொஞ்சம்தான் இருக்கிறது, அதற்குத் தினமும் சண்டை. ஸ்பிரிட் ஊற்றுகிறவர் தடித்ததை மாட்டிக்கொண்டு நிற்பார், ஃபார்மிக் எடுக்கிறவர் வெறுங்கையோடு நிற்பார். ஸ்டோர் கீப்பரிடம் இன்னும் கேட்டால், "இருக்கிறதை வெச்சு ஓட்டும்மா" என்பார்.

அதற்குத்தான் உன் வரிசை. வெள்ளைச் சுவரில் ஆள் உயரத்துக்கு நீலப் பெயின்ட்டில் எழுதிவிட்டேன். மேலே ஃபார்மிக், கீழே ஸ்பிரிட். மேலே இருக்கும் இரண்டுக்கும் தடித்த கையுறை. ஃபீனாலுக்கு டாக்டர்கள் போடுவார்களே, அந்த மெல்லியது. ஸ்பிரிட்டுக்கு ஒன்றும் வேண்டாம். சண்டை அன்றோடு ஓய்ந்தது.

முதலில் யாரும் நம்பவில்லை. நீ சொன்ன சோடாத் தண்ணீர் வித்தையைக் காட்டினேன். ஃபார்மிக் பொங்கி வழிந்ததும் எல்லோரும் நாலடி பின்னால் போனார்கள். ஃபீனால் அசையவே இல்லை. டிரம் உருட்டுகிற அண்ணன், "அட, இது நம்ம வீடு துடைக்கிற பினாயில் வாசனைதானே, சாதுவான சாமான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜர் சுவரைப் பார்த்துவிட்டு, "இப்பதான் இது ஒரு ரூம் மாதிரி இருக்கு" என்றார்.

எனக்காக யாரும் கைதட்டி எவ்வளவு காலமாயிற்று தெரியுமா? அன்று விடுதிக்கு வந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரி பயந்துபோய் விளக்கைப் போட்டாள்.

அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. பெருமையாகச் சொல்ல வேண்டும், உன் வழக்கமான குரலில் அல்ல.

பூனை


பிப்ரவரி 16, எக்ஸ்பிரஸ் தபால்

பூனை,

கையுறையை மாற்று. இதைப் படித்து முடிக்க வேண்டாம், முதலில் போய் ஃபீனால் எடுக்கிற ஆளின் கையிலிருக்கும் மெல்லிய கையுறையைக் கழற்றச் சொல். தடித்ததைக் கொடு. தடித்தது இல்லையென்றால் டிரம்மை மூடச் சொல். அப்புறம் வந்து படி.

உன் கடிதத்தை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். 'என் கீழே நாலு பேர்' என்ற இடத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நானும் மேலே படித்தேன். 'மெல்லியது' என்ற இடம் வந்ததும் வாய் நின்றுவிட்டது. "என்னம்மா, என்ன எழுதியிருக்கா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு!

அடியே, நான் எழுதியது ஹைட்ரஜனை யார் முதலில் விடுவார்கள் என்கிற வரிசை. யார் தோலைத் தின்பார்கள் என்கிற வரிசை இல்லை. ஃபீனால் அமிலத்தில் சோப்ளாங்கி, ஆனால் தோலில் படும்போது அது வேறு ஆள். புரதத்தையே குலைத்துவிடும். மெல்லிய கையுறைக்குள் ஊறி இறங்கிவிடும். இன்னும் கேள். அது முதலில் தோலை மரத்துப்போகச் செய்துவிடும். வலிக்காது. பட்ட இடம் வெள்ளையாகும், அவ்வளவுதான். வலிக்கவில்லையே என்று நீங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அது உள்ளே போய் ரத்தத்தில் கலந்து, தலையைச் சுற்றி, சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். சோடாத் தண்ணீரில் கழுவினால் ஒரு பயனும் இல்லை. யார் கையிலாவது வெள்ளைத் திட்டு இருந்தால் குழாயைத் திறந்துவிட்டு நிற்கவிடாமல் தண்ணீர் ஊற்று, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

உன்னைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். எண் இல்லை. இந்த நேரத்தில் உன் மேல் எவ்வளவு ஆத்திரம் வந்தது என்று எழுதினால் காகிதம் பற்றிக்கொள்ளும். நாளையிலிருந்து பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு, நான்தான் பொறுப்பு, நகர முடியாது. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். உன் அத்தான், "உக்காரு, தரை தேய்ஞ்சிடும்" என்கிறார்.

காரணம் கேட்காதே என்றாய், நானும் ரோஷத்துக்குக் கேட்காமல் இருந்துவிட்டேன். ஒரு வார்த்தை 'எதுக்குடி' என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயே. சுவரை அழி. படித்ததும் பதில் போடு, ஒரு வரி போதும்.

அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

உன் எக்ஸ்பிரஸ் தபால் வந்தது. பிரிக்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. உறையின் மேலேயே 'உடனே படி' என்று எழுதி மூன்று கோடு போட்டிருக்கிறாய். அந்தக் கோட்டிலேயே திட்டு தெரிகிறது. என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? 'எம்.எஸ்ஸி. முடிச்சிருந்தா இந்தத் தலையெழுத்து உண்டா, ஆஃப்டர் ஆல் எடை போடுற வேலையா?' என்று இருக்கும். இப்போது அதைப் படித்தால் தராசில் கவனம் நிற்காது, ஆய்வு வரைக்கும் அது பிசகக் கூடாது. தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். இருபத்தாறு முடிந்ததும் ஒரே மூச்சில் படித்துவிட்டு அழுதுகொள்கிறேன்.

இங்கே ஒரே ஓட்டம். டிரம் அண்ணன் மனைவிக்குப் பிரசவம் என்று லீவு போட்டுவிட்டார். ஃபீனால் பக்கத்துக்கு வேறு ஆள் இல்லை, நானேதான் எடுக்கிறேன். அது கட்டி பிடித்துக்கிடக்கும். டிரம்மை வெந்நீர்த் தொட்டியில் இறக்கி உருகவைத்து மொண்டு ஊற்ற வேண்டும். ஆய்வுக்கு முன்னால் பாக்கி எல்லாவற்றையும் தீர்த்துவிட வேண்டுமென்று மேனேஜர் நெருக்குகிறார்.

உட்கார முடியவில்லை, தூங்க முடியவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. பதற்றத்தில் தலையை வலித்துக்கொண்டே இருக்கிறது. கிடக்கட்டும். வேடிக்கை என்னவென்றால், வலது கையில் இரண்டு விரல் நுனி, நாளெல்லாம் துணி துவைத்த கை மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கிறது. வியர்வையாக இருக்கும். கொஞ்சம்கூட வலிக்கவில்லை. பேனாவைப் பிடித்தால் பிடித்த மாதிரியே இல்லை, எழுத்து கோணிக்கொண்டு போவது அதனால்தான். நீ கையெழுத்தைப் பார்த்து ஒரு பாட்டம் திட்டிக்கொள்.

இந்த ஒரு காரியத்தையாவது முழுசாக முடிக்க விடு அக்கா.

பூனை


பிப்ரவரி 28

பூனை,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்த அத்தனை நாளும் நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நர்ஸோடு பேசினாய். பக்கத்துப் படுக்கைப் பாட்டியம்மாளோடு சிரித்துக்கூடப் பேசினாய். நான் கஞ்சியை ஊட்டினால் வாயைத் திறந்தாய், அவ்வளவுதான். அதனால் மறுபடியும் தபால்.

உன் கோணல் எழுத்தைப் பார்த்ததும் தேர்வுத் தாள்களை மேஜையிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினேன். தலைமையாசிரியர் பின்னாலேயே ஓடிவந்து, "டீச்சர், பாதியில விட்டுட்டு எங்க போறீங்க?" என்றார். "பாதியிலதான் போறேன், என்ன பண்ணணுமோ பண்ணுங்க" என்றேன். விடுதியில் விசாரித்து உன் கம்பெனிக்கு வந்தால் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். தெருவே கூடிவிட்டது என்று நீ வெட்கப்பட்டிருப்பாய். நான் படவில்லை. நீ வெளியே வந்து, "ஏன் வந்தே? மானத்தை வாங்காதே" என்றாய். நீ என்னிடம் பேசியது அது ஒன்றுதான். உன் கையைப் பிடித்துக் கையுறையை உருவினேன். அந்த விரல்களைப் பார்த்தேன். அதற்கு மேல் அதை எழுத என்னால் ஆகாது.

டாக்டர் சொன்னதை மறுபடியும் எழுதுகிறேன், நீ காதில் வாங்கினாயோ என்னவோ. உள்ளே எதுவும் கெடவில்லை. இன்னும் நாலைந்து நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லையாம். தோல் வளர்ந்துவிடும். அந்த இரண்டு நுனிக்கும் உணர்ச்சி திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது.

நீ எதற்காகப் பேசாமல் இருந்தாய் என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன், பிடிபடவில்லை. உன் வேலை போய்விடக் கூடாதென்று, அன்று மாலை உன் ஆட்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்த மேனேஜரிடம் நானே போய்ப் பேசினேனே! "சார், இவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் எழுதிக் குடுத்ததை அப்படியே சுவத்துல எழுதிட்டா. தப்பு என்னோடது" என்று எல்லார் முன்னாலும் பழியை என் தலையில் போட்டுக்கொண்டேன். அதற்கும் கோபமா? பழியைச் சுமந்தாலும் தப்பா?

சுவர் கிடக்கட்டும், ஆய்வும் கிடக்கட்டும். அப்பா உன் அறையைக் கூட்டிவைத்திருக்கிறார். வந்துவிடு.

அக்கா


மார்ச் 6

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஒரு யுகம் ஆகிறது. திட்டாதே.

'இவளுக்கு ஒண்ணும் தெரியாது.' பழியைச் சுமந்தாய் சரி. அந்த முதல் வரி எதற்கு? அன்று உறவுக்காரர்கள் முன்னால், இன்று மேனேஜர் முன்னால், என் ஆட்கள் முன்னால். கையில் கட்டோடு நின்றுகொண்டிருந்தேன். விரல் வலிக்கவில்லை, இது வலித்தது. அதனால்தான் பேசவில்லை. வாயைத் திறந்திருந்தால் ஆஸ்பத்திரியே கூடியிருக்கும்.

கட்டு மாற்றியதும் நேராக மேனேஜரிடம் போனேன். "எங்க அக்கா சொன்ன வரிசையில ஒரு தப்பும் இல்ல சார். இப்பவும் சரியான வரிசைதான். கையுறைக்கு அதைக் கேட்டது நான். தப்பு என்னோடது, நானே யோசிச்சுப் பண்ணின தப்பு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப சரி பண்ணத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன்.

சுவரை அழிக்கவில்லை. பக்கத்திலேயே சிவப்புப் பெயின்ட்டில் இன்னொரு வரிசை எழுதவைத்தேன், தோலை என்ன செய்யும் என்று. அதில் ஃபார்மிக்கும் ஃபீனாலும் உச்சியில் ஒன்றாக நிற்கின்றன. ஃபீனாலுக்குப் பக்கத்தில் 'வலிக்காது, நம்பாதே' என்று பெரிதாக. டிரம் அண்ணன் லீவு முடிந்து வந்து அதைப் படித்துவிட்டு என் கட்டைப் பார்த்தார். நேராகப் போய் ஸ்டோர் கீப்பரிடம் ஒரு கத்து கத்தினார். அன்று மாலையே எல்லோருக்கும் தடித்த கையுறை வந்துவிட்டது. கத்தினால்தான் வேலை நடக்கிறது அக்கா, உன் கட்சிதான் ஜெயித்தது.

இருபத்தாறாம் தேதி வர வேண்டிய ஆய்வுக்காரர்கள், தள்ளிப்போட்டு முந்தாநாள்தான் வந்து போனார்கள். என்னை நிரந்தரமாக்கவில்லை, அனுப்பவும் இல்லை. இன்னும் ஆறு மாதம் பார்ப்பார்களாம். அதனால் வரமாட்டேன். அப்பாவிடம் அறையைப் பூட்டிவைக்கச் சொல். முடித்துவிட்டுத்தான் வருவேன்.

நேற்று உன் எக்ஸ்பிரஸ் தபாலைப் பிரித்தேன். முதல் வரியே 'கையுறையை மாற்று'. வேலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அப்பா கண்ணாடியைத் துடைத்தார் என்று எழுதியிருக்கிறாய். தலையணைக்குக் கீழே அதை வைத்துக்கொண்டு, அதன் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டு, தினமும் காலையில் எழுந்து போய் ஃபீனாலை மொண்டிருக்கிறேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! நீ போனில் கத்தியிருந்தால் உறைக்குள் மூடிவைத்திருக்க முடியுமா?

என் புது எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். இடது கை எழுத்து, ஏழா ஒன்றா என்று குழம்பினால் இரண்டையும் போட்டுப் பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. அப்பாவிடம் கொடுப்பதற்கு முன்னால் என்னை நன்றாகத் திட்டிவிடு. முழுசாகத் திட்டி முடி, பாதியில் விடாதே.

பூனை